பதினெட்டு மூச்சு

“எல்லாருமே பதினெட்டா, சிஸ்டர்?”

“இருபதும் இருக்கும். நல்லா பாரு.”

“இருக்குங்க. பதினெட்டு, பதினெட்டு, இருபது, பதினெட்டு. பக்கத்துப் படுக்கைக்கும் அதே. அடுத்த வருஷத்துக்கும் அதே. இந்த ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே தாளத்துலதான் மூச்சு விடுவாங்களா?”

“கிண்டல் பண்ணுதியாம்மா?”

“இல்லைங்க. இதைப் பாருங்க. இவரு காலையில நாலு மணிக்கு இறந்துட்டாருன்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஆறு மணிக்கு சார்ட்ல பதினெட்டு மூச்சு விட்டிருக்காரு.”

எப்சிபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பழுப்புத் தாளை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து தன்னுடையது இல்லை. மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது வந்த வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். பகல் பதினொரு மணி. உயரத்தில் இருந்த ஒரே ஜன்னலின் வெயில், துணியில் மூட்டை கட்டி அடுக்கிய கேஸ் ஷீட்டுகளின் மேல் படுத்திருந்தது. இருபத்திரண்டு வருடத்து நோயாளிகள். எல்லாவற்றையும் படமெடுத்து இயந்திரத்துக்குள் ஏற்றி ஆறு வருடமாகிவிட்டது. ஆனாலும் அழிப்பதற்கான உத்தரவு மேலிடத்திலிருந்து வராததால் மூட்டைகள் அப்படியே இருந்தன. எப்போதும் தாமதமாக வரும் உத்தரவுகளை அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் திட்டுவார்கள். இந்த ஒன்று இன்னும் வராமலிருந்ததற்கு மிருதுளா மட்டும் நன்றி சொன்னாள்.

மிருதுளா கோயம்புத்தூர்க்காரி. இருபத்தாறு வயது. ‘கவனி’யைச் செய்த கம்பெனியில் வேலை. கவனி என்பது காகிதத்தில் இருக்கும் பெயர். படுக்கைக்கு அடியில் ஒரு பட்டை, தலைமாட்டில் ஒரு விளக்கு. நோயாளி நன்றாக இருந்தால் பச்சை எரியும். உடல் தடுமாறினால் மஞ்சள். ஆபத்தென்றால் சிவப்பு எரிந்து கத்தும். அந்தப் பச்சை விளக்கைப் பார்த்து வார்டில் யாரோ ‘கிளி’ என்றார்கள். பிறகு டீன் முதல் துப்புரவுப் பணியாளர்வரை எல்லோருக்கும் அது கிளிதான். இந்த ஆஸ்பத்திரியில் பழகிப் பறந்த கிளி இன்று நாற்பத்தொரு ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்திருந்தது.

எப்சிபா நர்சிங் சூப்பரின்டெண்டன்ட். ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம். கிளி வந்த அன்று கல்லூரியின் செய்தி மடலில் முதல் பக்கத்தில் வந்தது அவள் ரிப்பன் வெட்டும் படம்தான். ‘நம் செவிலியரின் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் இனி இயந்திரத்தின் அறிவு’ என்று அதற்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

இந்த மாத மடலில் செவிலியர் வாரக் கோலப்போட்டியின் முடிவு இருந்தது. புதிய லிஃப்ட் திறப்பு இருந்தது. பொன்விழா அழைப்பு இருந்தது. பெண்கள் மருத்துவ வார்டின் பதினாலாம் படுக்கையில் ஒருத்தி பச்சை விளக்கின் கீழே இறந்துபோனது இல்லை. தினமும் யாராவது இறக்கும் இடத்தில் அது செய்தி ஆகாது. அந்த நேரம் பணியில் இருந்த பெனிட்டா என்ற பெண்ணைச் சஸ்பெண்ட் செய்ததும் மடலில் இல்லை. அதை நோட்டீஸ் போர்டில் தனியாக ஒட்டியிருந்தார்கள்.

பதினாலாம் படுக்கை என்ற சொல்லை எப்சிபா பத்தொன்பது நாளாக வாயால் சொல்லவில்லை.

“கிளிக்கு மூச்சு எண்ணத் தெரியாதாம்மா?” என்று கேட்டாள்.

“நல்லாத் தெரியுங்க. அந்தப் பட்டை ஒவ்வொரு மூச்சையும் எண்ணும். அன்னிக்கு அந்தம்மாவுக்கு மத்தியானம் இருபத்தெட்டு. மூணு மணிக்கு முப்பத்திரண்டு. நாலரைக்கு முப்பத்தெட்டு. எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வச்சிருக்கு.”

“பொறவு ஏன் கத்தல?”

“அது முக்கியம்னு அதுக்குத் தெரியல.”

மிருதுளா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் கேஸ் ஷீட்டுகள் பரப்பியிருந்தன.

“நாங்க அதுக்குப் பாடம் எதுவும் எழுதித் தரலைங்க சிஸ்டர். இந்த மூட்டையெல்லாம் கொடுத்தோம். யாரு பொழைச்சா, யாரு இறந்தா, இறக்கறதுக்கு முன்னாடி எது மாறுச்சு, நீயே பாத்துப் படிச்சுக்கோன்னு விட்டுட்டோம். அதுவும் படிச்சுது. காய்ச்சல் மாறியிருக்கு. நாடி மாறியிருக்கு. பிரஷர் மாறியிருக்கு. மூச்சு மட்டும் மாறவே இல்ல. வீட்டுக்குப் போறவங்களுக்கும் பதினெட்டு, சாகப்போறவங்களுக்கும் பதினெட்டு. அது என்னன்னு புரிஞ்சுக்கும்? மூச்சுங்கறது சும்மா ஒரு கட்டம், அதைப் பாத்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாதுன்னு புரிஞ்சுக்கிச்சு.”

எப்சிபா கையிலிருந்த பழுப்புத் தாளை ஒரு மூட்டையின் மேல் வைத்தாள்.

“அந்தம்மாவுக்கு ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. வயசானதால காய்ச்சல் காட்டல. பிரஷர் மாத்திரை நாடியை அடக்கி வச்சிருச்சு. மூச்சு மட்டுந்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு மணி நேரம். கேக்கக் கூடாதுன்னு கிளி கத்துக்கிட்டதும் அந்த ஒண்ணைத்தான்.”

மேலே வராந்தாவில் டிராலி ஒன்று கடகடவென்று போனது. அது போய் முடியும்வரை எப்சிபா காத்திருந்தாள்.

“நீ ஒரு நாளாவது வார்டுல நின்னிருக்கியாம்மா? நாப்பது கட்டிலு. கட்டிலுக்கு அடியில, நடைபாதையில பாய் போட்டு இன்னும் இருபது. நர்ஸு ஒருத்தி. ஒரு ஆளுக்கு மூச்சு எண்ணணும்னா முழுசா ஒரு நிமிஷம் நிக்கணும். அறுபது பேருக்கு ஒரு மணி நேரம். நாலு மணி நேரத்துக்கொருக்க எண்ணணும். ஊசி யாரு போடுவா? டிரிப் மாத்த யாரு வருவா? ரவுண்ட்ஸுக்கு சார் வந்து நின்னா கேஸ் ஷீட் எல்லாம் நிரம்பி இருக்கணும். கட்டம் காலியா இருந்தா மெமோ. அதான் பதினெட்டு போட்டோம். புதுசா வார பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். ‘ஏட்டி, எல்லாத்துக்கும் பதினெட்டு போடாத, ஆடிட்டுக்காரன் சந்தேகப்படுவான். நடுவுல இருபதும் போடு’ன்னு.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு சரளமாகச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

“உங்களைக் குத்தம் சொல்லலைங்க,” என்றாள் மிருதுளா. “அறுபது பேருக்கு ஒருத்தின்னு வச்சவங்களைத்தான் சொல்லணும். ஆனா நாளைக்கு விசாரணையில பெனிட்டாதானே நிக்கப் போறா? அவளுக்கு ரெண்டு வார்டு. கிளி வந்துருச்சுன்னு பாதி நர்ஸைக் குறைச்சாச்சு. ‘அந்தம்மாவுக்கு மேல்மூச்சு வாங்குதேன்னு தோணுச்சு, ஆனா பச்சையா இருந்துச்சு’ன்னு எழுதிக் கொடுத்திருக்கா. தெரிஞ்சும் விட்டுட்டான்னு அதையே அவளுக்கு எதிராத் திருப்பிட்டாங்க. அவளுக்கு மூச்சு எண்ணவே தெரியாது சிஸ்டர். அவ படிக்கிறப்பவே விளக்கைப் பாக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்களாம்.”

எப்சிபாவின் போன் அடித்தது. பொன்விழா மலர்க் குழுவின் கிளார்க்.

“சிஸ்டர், மலர் மத்தியானம் அச்சுக்குப் போகுது. உங்க அனுபவம் ரெண்டு வரி வேணும். ரெண்டே ரெண்டு வரி. படம் எங்கிட்ட இருக்கு, அந்த ரிப்பன் படம். பொறவு, மேடையில உங்களுக்குப் போத்துத சால்வை பச்சையா நீலமா? டீன் கேக்காரு.”

“எதுன்னாலும் சரி.”

“பச்சைன்னா கிளிக்குப் பொருத்தமா இருக்கும்லா!” என்று அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு வைத்தார்.

மிருதுளா மடியிலிருந்த ஒரு தனிக்கட்டைப் பிரித்தாள். அதை அவள் ஏற்கெனவே எடுத்து ஒதுக்கி, நாடா கட்டி வைத்திருந்தாள்.

“இதுக்காகத்தாங்க உங்களை வரச்சொன்னேன். பதினோரு லட்சம் கட்டம் இருக்கு. அதுல ஒரே ஒரு கையெழுத்துல மட்டும் எண்ணு மாறுது. இருபத்திரண்டு. பதினேழு. முப்பத்தொண்ணு. இருபத்தாறு. நாலு வருஷம். பெண்கள் மருத்துவ வார்டு. அதுக்கப்புறம் அந்தக் கையெழுத்து எங்கயும் இல்ல. நான் ராவும் பகலுமா ஒப்பிட்டுப் பாத்தேன். முப்பதுக்கு மேல இந்தக் கை எழுதின நோயாளிங்க முக்கால்வாசிப் பேரு அடுத்த நாளைக்குள்ள இறந்திருக்காங்க, இல்லைன்னா தீவிரப் பிரிவுக்குப் போயிருக்காங்க. இதுதான் நெசம் சிஸ்டர். கிளி இதை வச்சுப் படிச்சிருக்கணும்.”

“படிக்கலியா?”

“பிழைன்னு தள்ளிருச்சுங்க. ஊரே பதினெட்டுன்னு சொல்றப்ப ஒருத்தர் மட்டும் முப்பத்தொண்ணுன்னா, அவருக்குத்தான் எண்ணத் தெரியலைன்னு முடிவு பண்ணிருச்சு. ஓரத்துல ச.வ.ன்னு சுருக்கி எழுதியிருக்கு. யாருங்க இது?”

எப்சிபா அந்தத் தாளை வாங்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒன்று என்ற எண்ணுக்கு மேலே சின்னக் கொண்டை போடும் கை.

“சண்முகவடிவு,” என்றாள்.

சண்முகவடிவு வார்டுக்கு வந்த நாளில் எப்சிபாதான் வார்டுப் பொறுப்பு சிஸ்டர். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். நெஞ்சில் ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பாள். ஒவ்வொரு படுக்கையாகப் போய் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். நாடி பார்ப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு நாள் எப்சிபா கேட்டபோது தாழ்ந்த குரலில் சொன்னாள். “மூச்சுதான் எண்ணுதேன் சிஸ்டர். எண்ணுதோம்னு அவ்வோளுக்குத் தெரிஞ்சா மூச்சு மாறிப் போயிரும். அதான் நாடி பாக்க மாதிரி நிக்கேன். ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர்தான், அதுவும் தெரியாமத்தான் எண்ண முடியும்.”

அந்த நாளில் எப்சிபாவுக்கு அது அழகாகக்கூடத் தோன்றியிருக்கலாம். நினைவில்லை. நினைவிருப்பது, அன்று மத்தியான ஊசிகள் முக்கால் மணி நேரம் தாமதமானதும் ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் எல்லோர் முன்னாலும் தன்னைப் பார்த்துக் கத்தியதும்தான்.

“அவளுக்குக் கொக்குன்னு பேரு வச்சேன்,” என்றாள் எப்சிபா. “அசையாம நிப்பாள்லா, அதனால. நான்தான் வச்சேன். பொறவு வார்டே கூப்பிட்டுது. ‘கொக்கு வந்துட்டு, இனி இன்னிக்கு வேலை நடந்தாப்பலதான்’னு சிரிப்போம். அவளும் சிரிப்பா. கோவமே வராது. ஒரு தடவை சொன்னேன், ‘வடிவு, நீ இருபத்தாறுன்னு எழுதுத, அடுத்த டூட்டிக்காரி பதினெட்டுன்னு எழுதுதா, எங்களையெல்லாம் பொய்க்காரியா ஆக்குதியா?’ன்னு. ‘நான் எண்ணுனதைத்தான் எழுதுதேன் சிஸ்டர், அவ்வோ எண்ணுனது என்னமோ’ன்னா. அன்னிக்குத்தான் எனக்குக் கோவம் வந்துட்டு.”

“என்ன பண்ணீங்க?”

“மெமோ எழுதினேன். ‘பணியில் மெத்தனம், மந்தம்’. மேல இருந்தவருக்கு நான் சொன்னா சரி. அவளை மலை மேல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போட்டாவ. அவ புருசன் இங்க படுக்கையில கெடந்தாரு, தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். ரெண்டு வருஷத்துல வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா.”

மிருதுளா கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது. எப்சிபாவுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“அவங்க எங்க இருக்காங்க சிஸ்டர்? அவங்களைக் கூட்டிட்டு வந்தா போதும். இந்தக் கட்டு நெசம், மத்ததெல்லாம் எண்ணாம எழுதினதுன்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா எங்க கம்பெனி இந்தக் கட்டைத்தான் பிழைன்னு சொல்லும். கையெழுத்து கிடைச்சா கிளியை நிறுத்தி வச்சு, இந்த நாலு வருஷத்தைக் கொடுத்துத் திரும்பப் படிக்க வைக்கலாம். பெனிட்டா மேல தப்பில்லைன்னும் ஆயிடும். நாப்பத்தொரு ஆஸ்பத்திரிங்க சிஸ்டர். இப்ப இந்த நிமிஷம் எத்தனை பேருக்குப் பச்சை எரியுதோ! அவங்க போன் நம்பர் இருக்குங்களா?”

“உனக்கு நோயாளி பேரெல்லாம் தெரியாதாம்மா?”

“பேரு எங்களுக்குக் காட்ட மாட்டாங்க. படுக்கை எண்ணு மட்டுந்தான்.”

எப்சிபா ஜன்னலைப் பார்த்தாள். வெயில் ஒரு மூட்டையிலிருந்து அடுத்த மூட்டைக்கு நகர்ந்திருந்தது.

“பதினாலு,” என்றாள்.

மிருதுளாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கட்டின் மேலிருந்த கையை, சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

எண்ணத் தெரிந்த ஒரே ஒருத்தியின் அடியில் கிடந்து அந்தப் பட்டை அவள் மூச்சை எண்ணியிருக்கிறது. அவளே எழுதிய தாள்களை என்றோ பிழையென்று தள்ளிவிட்டு, அமைதியாகப் பச்சை எரிந்திருக்கிறது.

“நான் போடுதேன் கையெழுத்து,” என்றாள் எப்சிபா. “வெள்ளைத்தாள் குடு.”

“சிஸ்டர், உங்களுக்கு இன்னும் அஞ்சு மாசந்தான் இருக்கு. பொன்விழா வேற. இது வெளிய போனா உங்களை மட்டும் இல்ல, உங்ககூட வேலை பாத்தவங்க எல்லாரையும்...”

“தெரியும். எல்லாவளும் என்னைத் தூத்துவாளுக. போன வருஷம் ரிட்டயர் ஆனவ, அதுக்கு முந்தி ஆனவ, ஒருத்தியும் என்கிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்டா. அவளுக மேல தப்பும் இல்ல. நான் சொல்லிக் குடுத்ததைத்தானே எழுதினாளுக.”

மூட்டை ஒன்றின் மேல் தாளை வைத்து எழுத உட்கார்ந்தாள். பக்கம் பக்கமாக வரும் என்று நினைத்தாள். இரண்டு வரிதான் வந்தது. தான் பொறுப்பில் இருந்த காலத்தில் மூச்சு எண்ணப்படவில்லை, எழுதப்பட்டது. எண்ணி எழுதியவர் சண்முகவடிவு ஒருவரே. கீழே கையெழுத்துப் போட்டாள். பொன்விழா மலருக்குக் கேட்டதும் இரண்டு வரிதான் என்று அப்போது நினைவு வந்தது.

எழுந்து நிற்க முட்டியைப் பிடித்துக்கொண்டபோது மிருதுளா கூப்பிட்டாள்.

“இன்னும் ஒண்ணு இருக்குங்க சிஸ்டர். கிளி, பக்கத்துல பேசறதையும் பதிஞ்சு வைக்கும். மூணு மணிக்கு அந்தப் படுக்கைகிட்ட யாரோ வந்து நின்னிருக்காங்க. செருப்புச் சத்தம் கேக்குது. அந்தம்மா அவங்ககிட்டதான் பேசறாங்க. வந்தவங்க பேசவே இல்ல. பெனிட்டாகிட்ட யாருன்னு கேட்டா, ‘எனக்குத் தெரியாது’ன்னு அழறா. அறிக்கையில சேக்கறதுக்கு முன்னாடி கேட்டுப் பாக்குறீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்.”

பெனிட்டா சொல்லவில்லை. பத்தொன்பது நாளாக, வேலை போகும் நிலையிலும், அந்தப் பெண் சொல்லவில்லை.

அன்று மூன்று மணி ரவுண்ட்ஸில் எப்சிபா அந்த முகத்தை ஒரு நொடியில் அடையாளம் கண்டாள். வயது கூடியிருந்தது, நரைத்திருந்தது, ஆனால் அந்த உயரம் கட்டிலுக்குள் அடங்காமல் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க அது இடமில்லை என்று நினைத்தாள். நாளைக்கு வந்து நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தாள். தலைமாட்டைப் பார்த்தாள். பச்சை.

“போடும்மா,” என்றாள் எப்சிபா.

மிருதுளா தன் போனை விரலால் தொட்டாள். முதலில் மின்விசிறியின் சத்தம். தூரத்தில் யாரோ தட்டு கழுவும் சத்தம். செருப்பு ஒன்று தேய்ந்து வந்து நின்றது. பிறகு அந்தக் குரல், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி, வாங்கி, அப்போதும் கோபமே இல்லாமல்:

“சிஸ்டரா... நீங்கதானா? எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்களேன். நானே எண்ணிப் பாத்தா சரியா வர மாட்டேங்கு. ஒரே ஒரு நிமிஷம்... என் கையைப் புடிச்சுக்கிட்டு, நாடி பாக்க மாதிரி நின்னு... எனக்குத் தெரியாம எண்ணிச் சொல்லுதீங்களா?”